யாரும் சொல்லாத உத்தரவு

மூக்குக்கண்ணாடி காதுக்குள் பேசத் தொடங்கியபோது செண்பகவல்லி ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்தாள்.

"முதல் குளிர் அறைக்கு அம்மோனியா போற குழாய் வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கு சார். ஆனா மேல சுத்தியிருக்கிற உறையைப் பிரிச்சுப் பார்த்தா..."

'வலது புருவம் இறங்குகிறது. தாடை இறுகுகிறது. பொறுமை குறைகிறது.' தூங்குகிற குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல அவ்வளவு கனிவான குரல். 'பேச்சை மாற்றவும்.'

மேசைக்கு அந்தப் பக்கம் தர்மப்பெருமாள் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியில் இறாலை உரித்து, உறையவைத்து, கப்பலேற்றும் அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். முன்னால் நின்று பேசும்போது எல்லோருக்கும் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'அண்ணாச்சி'. அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. செண்பகவல்லியின் தலைக்கு மேலே, அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் பெரிய திரை. திரையில் சிங்கப்பூரிலிருந்து நிறுவனத்தின் தலைவர். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவர் பேசுவதில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். உள்ளே வருகிறவர்கள் அந்த வெள்ளைத்தலை முகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். அவளும் போட்டிருந்தாள்.

குழாயின் மேல் உறைக்குள் துரு தின்றிருக்கிறது, அறையை நிறுத்தி மாற்ற வேண்டும், நிறுத்தாவிட்டால் வெடிக்கும். ஆலையின் பராமரிப்புப் பொறியாளராக இவ்வளவுதான் அவள் சொல்ல வந்தது. முந்தின இரவு வீட்டு நிலைக்கண்ணாடிமுன் நின்று சொல்லிப் பார்த்துக்கூட இருந்தாள்.

'பேச்சை மாற்றவும்' என்றது குரல் மறுபடியும். கண்ணாடி வழியே தர்மப்பெருமாளின் புருவத்தைச் சுற்றி மஞ்சள் கோடு ஒன்று ஓடி நின்றது.

"...அதைப் பத்தி விவரமா ஒண்ணு தயார் பண்ணிட்டிருக்கேன் சார். முடிஞ்சதும் சொல்றேன்."

கோடு பச்சையானது. 'நன்று' என்றது குரல்.

வெளியே வந்து படியிறங்கும்போதுதான் தன் உள்ளங்கை வியர்த்திருப்பதை அவள் கவனித்தாள். பயத்தில் அல்ல. ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அவள் பின்னால் பல நாள் கூசினாள்.

*

கண்ணாடிக்கு அதைச் செய்தவர்கள் வைத்த பெயர் 'இங்கிதம்'. மேலதிகாரியின் முகத்தையும் தோளையும் விரலையும் பார்த்து, அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கணித்து, எதிரே நிற்பவன் காதில் சொல்லும். நிர்வாக இயக்குநருக்குக் கீழே உள்ள எல்லோரும் மேலே பேசும்போது போட்டாக வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் மதிப்பெண். சம்பள உயர்வு அதைப் பார்த்துத்தான்.

"இதுல கோவப்பட என்ன இருக்கு?" என்று உற்பத்தி மேலாளர் ஆல்வின் ஒருமுறை கேன்டீனில் அவளிடம் கேட்டான். தட்டில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே பேசுகிறவன். நல்லவன், நல்லவனாகவே இருந்து ஓய்வுபெற ஆசைப்படுகிறவன். "பெரிய முதலாளி காலத்துல கண்ணாடி ஏது? அவரு காப்பி டம்ளரக் கீழ வைக்குற சத்தத்த வச்சே கணக்கப்பிள்ளை எந்திரிச்சுப் போயிருவாராம். இந்தக் கம்பெனில முதலாளியப் பாத்து, செய்யவா வேண்டாமான்னு கேட்ட ஆளு கெடையாது. வாயத் தொறக்க வைக்குறது மரியாதக் குறைச்சல்."

"அப்ப கண்ணாடி எதுக்கு?"

"எல்லாருக்கும் அந்தக் கணக்கப்பிள்ள மூளை இருக்குமா? நமக்கெல்லாம் காசுக்கு வாங்கிக் குடுத்திருக்காவ." சிரித்தான். "போன மாசம் உம்ம மதிப்பெண் என்ன? என்னத்தையாவது நேரா கேட்டுத் தொலைச்சிருப்பீரு."

அவன் பெண்களையும் கிண்டலில் 'வேய், உம்ம' என்பான். அவளும் சிரித்துவிட்டாள். அன்று அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

*

'முடிஞ்சதும் சொல்றேன்' என்று அவள் சொன்ன அந்த வாரமே குழாய் வெடித்தது. பகல் ஷிப்டு, சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால். வெள்ளைப் புகை தரையோடு தரையாகப் படர்ந்து உரிக்கும் கூடத்துக்குள் வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இறால் உரிக்கும் ஜெபக்கனி மட்டும் ஓடவில்லை. மூலையில் மயங்கி விழுந்த இரண்டு இளம்பெண்களைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஜெபக்கனியும் பிழைத்துக்கொண்டாள், கண்கள் மட்டும் போயின.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட முகத்தோடு அவள் கிடந்தபோது செண்பகவல்லி பக்கத்து நாற்காலியில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு? மூச்சு விடுற சத்தம் கேக்கு. வாயத் தொறந்தா என்ன?" என்றாள் ஜெபக்கனி.

"நான்தான் ஜெபக்கனி. செண்பகம்."

"மேடமா? நான் நர்ஸம்மான்னு நெனச்சேன். அவதான் ஊசி போடப் போறப்ப இப்படிக் கமுக்கமா வந்து நிப்பா." கட்டுக்குக் கீழே உதடு லேசாக விரிந்து, உடனே மூடிக்கொண்டது. "மேடம், ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்குக் கூடத்துல நாங்க எல்லாரும் மூக்கக் குத்துதுன்னு சொன்னப்ப, வியாழக்கெழம மேல போறேன், கண்டிப்பா சொல்லுதேன்னு சொன்னீயள்லா. சொன்னீயளா?"

செண்பகவல்லிக்குப் பதில் இருந்தது. புருவம், தாடை, மஞ்சள் கோடு. ஒன்றையும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சொல்லல" என்றாள்.

ஜெபக்கனி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரிக்கும் வாசனை வந்தது.

"ஏன்?"

"அவருக்குக் கோவம் வர்ற மாதிரி இருந்துது."

"வந்தா?" என்றாள் ஜெபக்கனி. குரலில் ஏச்சு இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "கோவம் வந்தா என்ன மேடம் செய்வாரு?"

*

விசாரணைக்கு நிறுவனமே ஓர் அலுவலரை நியமித்தது. ஞானசிகாமணி என்று பெயர். மென்மையான மனிதர், தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பித்தார்.

"குழாய் பழுதானது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நிர்வாக இயக்குநரிடம் சொன்னீர்களா?"

"சொல்ல ஆரம்பிச்சேன்."

"அவர் வேண்டாம் என்றாரா?"

"வாயால சொல்லல. முகத்துல..."

"அம்மா, அவர் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"அப்படியென்றால் கோரிக்கை வைக்கப்படவே இல்லை." அவர் வருத்தமாகத் தலையசைத்தார். "தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் உடனே நிறுத்தியிருப்பேன் என்கிறார். அவர் சொல்வதில் நான் என்ன தப்பு காண முடியும்?"

"கண்ணாடி பேச்சை மாத்தச் சொல்லுச்சு சார். நீங்களே போட வச்ச கண்ணாடி."

"கண்ணாடி ஆலோசனை மட்டும்தான் சொல்லும். முடிவு அதை அணிந்திருப்பவருடையது என்று வாங்கும்போதே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அதைக் கழற்றியிருக்கலாம்."

கழற்றியிருக்கலாம். அதுதான் அவளைச் சுட்டது, அது உண்மை என்பதால். ஆனால் அந்த உண்மையைச் சொல்ல இவருக்கு என்ன உரிமை? கழற்றினால் மதிப்பெண் போகும், மதிப்பெண் போனால் வேலை போகும் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, கடைசியில் 'கழற்றியிருக்கலாமே' என்றால்? ஒரு புருவம் அசைந்து ஒருத்தியின் கண் போயிருக்கிறது. புருவத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதனால் எதிரே நின்றவளை ஏற்றுகிறார்கள். இதைவிட வசதியான ஏற்பாட்டை யாராவது யோசித்துக்கூடச் செய்திருக்க முடியுமா?

வெளியே ஆல்வின் காத்திருந்தான்.

"ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க. வேற ஊருக்கு மாத்துவாவ, அவ்வளவுதான். கேஸு கீஸுன்னு போகாது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தாத் தெரியுதுல்லா."

அவள் நடந்தாள். அவன் பின்னாலேயே வந்து, தயங்கி, குரலைத் தாழ்த்தினான்.

"இன்னொண்ணு. இன்னைக்கு மத்தியானமே ரெண்டாவது குளிர் அறையத் தொறக்கோம். லோடு நிக்குது."

அவள் நின்றுவிட்டாள். இரண்டாவது அறையின் குழாயும் அதே வயதுதான். அதே உறை, அதே உப்புக் காற்று. முதல் அறையைப் போட்ட கையோடு அதையும் போட்டார்கள்.

"அந்தக் குழாய யாராவது பிரிச்சுப் பாத்தீயளா?"

"இல்ல."

"தொறக்கச் சொன்னது யாரு ஆல்வின்?"

"அண்ணாச்சி அந்தப் பக்கமா பாத்துத் தலைய ஆட்டுனாவ. எனக்குக் கண்ணாடி 'சம்மதம்'னு சொல்லுச்சு." அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "நாப்பது பொம்பளைய வேலைக்கு வந்தாச்சு. நான் என்ன செய்ய?"

*

அன்று வியாழக்கிழமை. மேலே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். திரைக்குக் கும்பிடு போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

தன் கண்ணாடி வழியாக அல்லாமல் தர்மப்பெருமாளின் முகத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கோடுகள் இல்லாத சாதாரண முகம். சரியாகத் தூங்காதவர் போலிருந்தது.

"ரெண்டாவது அறையோட குழாயும் துரு தின்னதுதான் சார். அது இன்னைக்கு ஓடலாமா, கூடாதா?"

அவர் புருவம் இறங்கியது. தாடை இறுகியது. அவளுக்குப் பழக்கத்தில் காது அரித்தது.

"முகத்தைக் காட்டாதீங்க சார். ஓடட்டும்னு சொல்லுங்க, இல்ல நிறுத்துன்னு சொல்லுங்க. வாயால."

அறையில் குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும் இருந்தது. அவள் காத்திருந்தாள். இதற்கு முன் இந்த அறையில் மௌனம் வந்தபோதெல்லாம் அதை நிரப்புவது தன் வேலை என்று நினைத்திருந்தாள். இன்று நிரப்பவில்லை. அது நீண்டது. அவர் கண்கள் அவளைத் தாண்டி, தலைக்கு மேலே போயின.

அப்போதுதான் அவள் கவனித்தாள். அவருடைய கண்ணாடியின் தண்டு அவளுடையதைப் போலவே தடிமனாக இருந்தது. காது மடலுக்குள் சின்னதாக ஒரு பொட்டு.

"நீங்களும் போட்டிருக்கீங்களா?"

அவர் திரையையே பார்த்தார்.

செண்பகவல்லி திரும்பினாள். தலைவரின் வெள்ளைத்தலை லேசாகச் சாய்ந்திருந்தது. நெற்றி சுருங்கியிருந்தது. கண்கள் இமைத்தன, கவனமாகக் கேட்கிறவரைப் போல.

"ஐயா, நீங்க சொல்லுங்க" என்றாள் ஆங்கிலத்தில். "இங்கே ஒரு பெண்ணுக்குக் கண் போயிருக்கு. இன்னும் நாற்பது பேர் உள்ளே இருக்காங்க. ஓட்டணுமா, நிறுத்தணுமா?"

நெற்றி இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

"செண்பகம், போதும்" என்றார் தர்மப்பெருமாள் மெதுவாக. அவர் வாயிலிருந்து அவள் பெயரை அவள் கேட்டது அதுதான் முதல்முறை. "அவருக்குப் பிடிக்கல. தெரியுது."

"ஐயா, கேக்குதா?" என்று அவள் தமிழிலேயே கத்தினாள்.

திரைக்குள் எங்கோ நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் இளம்பெண்ணின் குரல், சிங்கப்பூர்த் தமிழில். "ஹலோ? மன்னிக்கணும், என்கிட்டயா பேசுறீங்க? நான் சார் ஆபீஸ்ல வேலை பார்க்கறேன். சார் இங்க இல்லையே."

"திரையில இருக்காரே."

"அது சார் இல்லைங்க, சாரோட படம். வியாழக்கிழமை மீட்டிங்குக்கு சார் வர்றதில்லை. நாற்காலி காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு புரோகிராம் போட்டு வச்சிருக்கோம். கேட்டுட்டிருக்கிற மாதிரி அதுவா அசையும்."

"எப்ப இருந்து?"

"போன தீபாவளிக்கு முந்தியே. உங்களுக்குத் தெரியாதா?"

தர்மப்பெருமாள் எழுந்து நின்றார். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் பார்த்தாரே" என்றார். "போன வருஷம் அந்தக் குழாய் மாத்துற செலவை நான் சொல்ல வந்தப்போ முகத்தைச் சுளிச்சாரே. நான் உடனே நிறுத்திக்கிட்டேனே."

"ஓ, அதுங்களா சார்" என்றாள் அந்தப் பெண் உதவும் ஆவலோடு. "இன்டர்நெட் மெதுவா இருந்தா நெத்திப் பக்கம் அப்படி இழுத்துக்கும். சரி பண்ணச் சொல்லட்டுமா?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வணக்கம் சொல்லிப் போய்விட்டாள். முகம் மட்டும் திரையில் இருந்தது, இமைத்துக்கொண்டு.

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. அடுத்த கணம் அவர் சொன்ன வார்த்தை உள்ளே போய்ச் சேர்ந்தது.

"போன வருஷம்" என்றாள். "அப்ப குழாய் போனது உங்களுக்கு ஒரு வருஷமாத் தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலன்னு விசாரணையில சொன்னீங்க."

"நான் யாரையும் தடுக்கல" என்றார். "ஒரு வார்த்தை சொன்னேனா? அவரும் சொல்லல. நானும் சொல்லல."

"சரி. அது போகட்டும். இப்ப அங்க யாரும் இல்ல. உங்களுக்கு மேல யாரும் இல்ல. இப்ப சொல்லுங்க சார். ஓடட்டுமா, நிறுத்தட்டுமா?"

அவர் வாயைத் திறந்தார். ஒரு சொல் வரப்போகிறது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் கண்கள் தாமாகவே மறுபடியும் சுவருக்குப் போயின. ஆளில்லாத அந்த முகத்தில் எதையோ தேடின. அது இமைத்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

*

இயந்திர அறைக்கு அவள் ஓடவில்லை, வேகமாக நடந்தாள். வழியெல்லாம் அவளுக்குள் ஒரே ஒரு கேள்விதான் எரிந்துகொண்டிருந்தது. கோவம் வந்தா என்ன மேடம் செய்வாரு? ஒன்றும் செய்திருக்க மாட்டார். அவருக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. ஒன்றும் செய்யத் தெரியாத ஒருவரின் தாடைக்குப் பயந்து, இன்டர்நெட் மெதுவாக ஓடியதற்குப் பயந்து, படித்தவள் என்று பெயரெடுத்த தான் வாயை மூடிக்கொண்டு வந்து நிம்மதியாகப் படியிறங்கியிருக்கிறாள்.

ஆல்வின் பெரிய வால்வுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இயந்திரம் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது. தரை அதிர்ந்தது.

"நிறுத்துங்க ஆல்வின். வால்வை மூடுங்க. கூடத்துல இருக்கவங்கள வெளியே அனுப்புங்க."

"அண்ணாச்சி சொல்லிட்டாவளா?"

"நான் சொல்லுதேன்."

அவன் நகரவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். தலையைச் சற்றே சாய்த்திருந்தான். காதுக்குள் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"என் மூஞ்சிய எதுக்கு ஓய் பாக்கீரு?" என்று அவள் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "சொல்லுதது காதுல விழலியா? நான், செண்பகவல்லி, நிறுத்தச் சொல்லுதேன். நாளைக்கு எவன் கேட்டாலும் என் பேரச் சொல்லும்."

ஆல்வின் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். கழற்றியதும் அவனுக்கு வயதானது போலிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த வால்வைத் திருப்ப வேண்டியிருந்தது. உப்பு பிடித்து இறுகியிருந்தது. இயந்திரம் இரைந்து, குறைந்து, நின்றது. காதில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விலகியதுபோல அமைதி வந்தது.

கூடத்திலிருந்து பெண்கள் ஈரக் கையோடு வெளியே வந்தார்கள். யாரும் அவளை வாழ்த்தவில்லை. பலருக்குக் கோபம்.

"அரை நாள்தான் ஆவுது, இன்னைக்குக் கூலி கெடைக்குமா?" என்றாள் ஒருத்தி.

"தெரியாது" என்றாள் செண்பகவல்லி. "நானும் உங்களோட வந்து கேக்கேன்."

"எறாலு அம்புட்டும் கெட்டுப் போவுமே. நிறுத்தச் சொன்னது யாரு?"

"நான்தான்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மாடி ஜன்னலைக் கையால் காட்டினாள். அங்கே தர்மப்பெருமாள் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அவர் முகம் தெரியவில்லை.

"மொதலாளி கேட்டா என்ன சொல்லுவீய?"

"கேக்கட்டும்" என்றாள் செண்பகவல்லி. "வாயத் தொறந்து கேக்கட்டும்."